மறுமணமும் கூட்டு வரிக்கணக்கும்: அமெரிக்கப் படிவம் ஒன்றின் வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வருமான வரியில் கணவனும் மனைவியும் தங்கள் இருவருடைய ஓராண்டு வருமானத்தையும் கழிவுகளையும் ஒரே படிவத்தில் சேர்த்து எழுதி, இருவரும் கையொப்பமிட்டுத் தாக்கல் செய்யும் கணக்குக்குக் கூட்டு வரிக்கணக்கு என்று பெயர். இந்திய வருமான வரிச் சட்டத்தில் இந்துக் கூட்டுக் குடும்பம் என்றொரு தனி அலகு உண்டே தவிர, தம்பதி என்னும் அலகு கிடையாது. ஆகவே ஒரே வீட்டில் வாழும் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கணக்கைத் தாக்கல் செய்து பழகிய தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாடு சற்றுப் புதியதாகத் தோன்றும். அமெரிக்காவில் அது இன்று வழக்கத்தின் இயல்பான பகுதியாகிவிட்டது. ஆனால் அதை வகுத்தவர்கள் மனத்தில் இருந்தது முதல் மணம் செய்து கடைசிவரை சேர்ந்து வாழும் தம்பதிதான். மணமுறிவுக்குப் பின்னோ துணையின் மறைவுக்குப் பின்னோ மறுபடியும் மணம் செய்துகொண்டவர்கள் அதே படிவத்தை நிரப்ப வந்தபோது, பழைய குடும்பத்தின் ஜீவனாம்சமும் பிள்ளைகளும் கடன்களும் கூடவே வந்தன. அவற்றுக்கு இடம் செய்யும் முயற்சியாகவே அந்தச் சட்டத்தின் பிற்காலத் திருத்தங்களில் பெரும்பகுதி அமைந்தது.

வருமான வரி விதிக்கக் கூட்டாட்சி அரசுக்கு ஐயமற்ற அதிகாரம் அளித்த 16ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1913 பிப்ரவரியில் நிறைவேறியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த சட்டம், தனியாளுக்கு 3,000 டாலரும் சேர்ந்து வாழும் தம்பதிக்கு 4,000 டாலரும் வரியிலிருந்து விலக்கியது. விலக்கு வரம்பே அவ்வளவு உயரத்தில் இருந்ததால், அறிவுறுத்தல்களையும் சேர்த்து 4 பக்கமே கொண்ட முதல் 1040ஆம் எண் படிவத்தை நிரப்ப வேண்டியவர்கள் வசதி படைத்த சிலரே. கணவனும் மனைவியும் விரும்பினால் ஒரே கணக்காகத் தாக்கல் செய்யலாம் என்று 1918ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகச் சொன்னது. ஆனால் கூட்டுக் கணக்குக்கும் தனிக் கணக்குக்கும் ஒரே வரி விகிதமே இருந்தபடியால், வருமானம் கூடக்கூட விகிதமும் ஏறும் முறையில், இருவருடைய சம்பாத்தியத்தையும் ஒன்றாகக் குவித்தால் வரி கூடியதே ஒழியக் குறையவில்லை. எனவே அக்காலத் தம்பதிகள் தேடிய வழி வருமானத்தைச் சேர்ப்பதல்ல, பிரிப்பது.

அந்தப் பிரிவினை எதுவரை செல்லும் என்பதை 1930ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளில் எதிரெதிராகச் சொன்னது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஏர்ல் என்னும் வழக்கறிஞர் தம் சம்பாத்தியம் முழுவதும் தமக்கும் மனைவிக்கும் பொதுவானது என்று 1901ஆம் ஆண்டிலேயே மனைவியுடன் ஒப்பந்தம் செய்திருந்தார். அதை ஏற்று வரியைப் பாதிப்பாதியாகப் பிரிக்க இயலாது என்ற நீதிபதி ஹோம்ஸ், கனியை அது காய்த்த மரத்திலிருந்து எடுத்து வேறொரு மரத்தில் ஒட்டிக் காட்டுவதற்கு ஒப்பாக இந்த ஏற்பாட்டைக் கருதினார். சில மாதங்கள் கழித்து வாஷிங்டன் மாநிலத்திலிருந்து வந்த சீபோர்ன் வழக்கில், மணவாழ்வில் ஈட்டுவதெல்லாம் ஈட்டும் கணத்திலேயே இருவருக்கும் சமமாக உரியது என்று அந்த மாநிலச் சட்டமே கூறுவதால், மனைவி தன் பாதியைத் தனிக் கணக்கில் காட்டலாம் என்று அதே நீதிமன்றம் முடிவு செய்தது. பெரும்பாலும் ஸ்பானியச் சட்ட மரபிலிருந்து வந்த இந்தப் பொதுச்சொத்து முறை அப்போது டெக்சாஸ், கலிபோர்னியா, லூசியானா உள்ளிட்ட 8 மாநிலங்களில் நடப்பில் இருந்தது. மற்ற மாநிலத்தவர் அதே சம்பளத்துக்குக் கூடுதல் வரி கட்டினர்.

இந்த ஏற்றத்தாழ்வு இரண்டாம் உலகப் போர்க்கால வரி உயர்வில் பொறுக்க முடியாததாயிற்று. தம்பதிகள் கட்டாயமாகக் கூட்டுக் கணக்கே தாக்கல் செய்ய வேண்டும் என்ற திட்டம் 1941இல் பிரதிநிதிகள் அவையில் தோற்றது. மனைவியின் வருமானத்தை மறுபடியும் கணவனின் நிழலுக்குள் தள்ளுவதாக அதைப் பலர் எதிர்த்தனர். ஓக்லஹோமா, ஓரிகன், நெப்ராஸ்கா, மிச்சிகன், பென்சில்வேனியா முதலிய மாநிலங்களும் அப்போது ஆட்சிப்புலமாக இருந்த ஹவாயும் 1940களில் தங்கள் நூற்றாண்டுப் பழமையான சொத்துச் சட்டத்தை மாற்றிப் பொதுச்சொத்து முறைக்குத் தாவியதற்கு மனைவியரின் உரிமையில் திடீரெனப் பிறந்த அக்கறை காரணமல்ல. வரி மிச்சமே காரணம். இந்தத் தாவலை நிறுத்தவே 1948ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதிபர் ட்ரூமன் அதை மறுத்துத் திருப்பியனுப்ப, ஏப்ரல் 2 அன்று மறுப்பையும் மீறிக் காங்கிரஸ் அதை நிறைவேற்றியது. அதன் சூத்திரம் எளியது: இருவர் வருமானத்தையும் கூட்டி, இரண்டால் வகுத்து, அந்தப் பாதிக்கு உரிய வரியை இரு மடங்காக்க வேண்டும். முதல் 5,000 டாலருக்கு 20 விழுக்காடும் அதற்கு மேல் 30 விழுக்காடும் வரி என்று வைத்துக்கொண்டால், 10,000 டாலர் ஈட்டும் தனியாள் 2,500 டாலர் கட்டுவான். அவனே சம்பாதிக்காத ஒரு பெண்ணை மணந்து கூட்டுக் கணக்குத் தாக்கல் செய்தால் 2,000 டாலர் கட்டினால் போதும். இவ்வாறு மாநிலங்களுக்கு இடையிலான ஒரு சொத்துச் சட்டப் பூசலைத் தீர்க்கப் பிறந்த சூத்திரம், மணம் செய்துகொள்வதற்கே அரசு தரும் பரிசு போல ஆகிவிட்டது.

பரிசு என்றானபின் அதற்கு உரியவர் யார் என்ற கேள்வி எழாமல் இருக்காது. ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31 அன்று ஒருவர் மணமானவராக இருந்தால் அந்த ஆண்டு முழுவதும் மணமானவராகவே சட்டம் அவரைக் கொள்ளும். அன்று மணமுறிவு பெற்றவராக இருந்தால், முந்தைய 364 நாளும் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் அவர் தனியாளே. ஆனால் முதல் மணம் முறிந்ததா இல்லையா என்பதிலேயே இரு மாநிலங்கள் முரண்பட்டால், இரண்டாம் துணையுடன் போட்ட கையொப்பம் செல்லுமா? இந்தக் கேள்வி வெறும் கற்பனையல்ல. மணமுறிவுச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரியது. அக்காலத்தில் பல மாநிலங்களில் அது மிகக் கடுமையாக இருந்தது. நெவாடா மட்டும் 1931இல், அங்கே 6 வாரம் வசித்தால் போதும், மணமுறிவு கேட்கலாம் என்று தளர்த்தியது. ரீனோ நகரின் விடுதிகளில் நாளெண்ணிக் காத்திருந்து, தீர்ப்பைப் பெற்ற கையோடு மறுமணமும் முடித்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் ஏராளம். அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் எல்லை தாண்டி மெக்சிகோவின் சிவுதாத் ஹுவாரெஸ் சென்றனர்.

ஊர் திரும்பியவர்களைச் சொந்த மாநிலம் எப்போதும் மாலையிட்டு வரவேற்கவில்லை. வடக்கு கரோலினாவைச் சேர்ந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தத்தம் துணைகளை விட்டு நெவாடா சென்று, 6 வாரம் தங்கி, மணமுறிவு பெற்று ஒருவரையொருவர் மணந்து திரும்பியபோது, முதல் மணம் இருக்கவே மறுமணம் செய்து கூடி வாழ்ந்ததாக அவர்கள்மீது குற்ற வழக்கு தொடரப்பட்டது. வில்லியம்ஸ் வழக்கு எனப்படும் அதில் 1942இல் அவர்களுக்கு ஆதரவாகப் பேசிய உச்ச நீதிமன்றம், 1945இல் வழக்கு மறுபடியும் வந்தபோது, நெவாடாவில் அவர்கள் உண்மையில் குடியேறவில்லை என்று முடிவு செய்யும் உரிமை சொந்த மாநிலத்துக்கு உண்டு என்று கூறித் தண்டனையை நிலைநிறுத்தியது. ஒரே தம்பதி மேற்கே கணவன் மனைவியாகவும் கிழக்கே குற்றவாளிகளாகவும் இருக்க முடிந்த அந்த நாட்டில், வரித்துறை எந்த மாநிலத்தின் கண்ணால் அவர்களைப் பார்ப்பது?

நியூயார்க்கிலிருந்து வந்த போராக்ஸ் வழக்கு இதை நேராகக் கேட்டது. கணவர் மெக்சிகோவில் மணமுறிவு பெற்று இரண்டாவதாக ஒரு பெண்ணை மணந்து, அவருடன் கூட்டுக் கணக்குத் தாக்கல் செய்து, முதல் மனைவிக்குக் கொடுத்த தொகையை ஜீவனாம்சமாகக் கழித்தும் வந்தார். அந்த மணமுறிவு செல்லாது என்று முதல் மனைவி நியூயார்க் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியிருந்தார். வரித்துறை இரண்டையும் மறுத்தது, வரி நீதிமன்றமும் அதற்கு உடன்பட்டது. ஆனால் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1965இல், ஓர் அரசு மணமுறிவு என்று தீர்ப்பளித்துவிட்டால், வேறோர் அரசு அதைச் செல்லாது என்றாலும், வரிக் கணக்குக்கு மட்டுமாவது முந்தைய தீர்ப்பையே கொள்ளலாம் என்று கூறிக் கணவர் பக்கம் நின்றது. நாடெங்கும் ஒரே சீரான வரி வேண்டும் என்பது அதன் வாதம். வரித்துறை அதை மனமுவந்து ஏற்கவில்லை: அதிகாரமுடைய நீதிமன்றம் ஒன்று செல்லாது என்று அறிவிக்கும்வரை எந்த மணமுறிவுத் தீர்ப்பையும் தான் கிளறப் போவதில்லை, அறிவித்துவிட்டால் அந்த அறிவிப்பின்படியே நடக்கும் என்று 1967இல் வெளியிட்ட விளக்கத்தில் நடுவழியொன்றை வகுத்துக்கொண்டது. மேற்குக் கடற்கரையை உள்ளடக்கிய ஒன்பதாம் வட்ட நீதிமன்றமும் 1977இல் லீ வழக்கில் வரித்துறை பக்கமே சாய்ந்தது. போராக்ஸ் தீர்ப்பின் தாராளம் மனிதாபிமானமானது என்பதில் ஐயமில்லை. எனினும் சொந்த மாநிலம் மனைவி என்று ஏற்காத ஒருவரை வரிப் படிவத்தில் மட்டும் மனைவி ஆக்குவது நெடுநாள் நிலைக்கும் தீர்வாகத் தெரியவில்லை. பிறகு 1970களில் குற்றம் சாட்டாமலே மணமுறிவு தரும் சட்டங்கள் மாநிலந்தோறும் பரவ, ரீனோவுக்கும் ஹுவாரெஸுக்கும் போகும் தேவையே ஒழிந்தது. நீதிமன்றங்கள் தீர்க்காத சிக்கல் அப்படித்தான் தீர்ந்தது.

ஜீவனாம்சத்தின் கதை இதைவிடச் சுருக்கமானது. அது மனைவியின் வருமானம் அல்ல என்று 1917இல் உச்ச நீதிமன்றம் கூறியதால், முன்னாள் கணவனே அந்தத் தொகைக்கும் சேர்த்து வரி கட்டி வந்தான். போர்க்கால வரி ஏறியபோது, ஜீவனாம்சமும் வரியும் போக மிஞ்சுவதைக் கொண்டு இரண்டாம் குடும்பத்தை நடத்த முடியாத நிலை வரவே, கொடுப்பவன் அதைக் கழித்துக்கொள்ளலாம், பெறுபவள் வருமானமாகக் காட்ட வேண்டும் என்று 1942ஆம் ஆண்டுச் சட்டம் சுமையை இடம் மாற்றியது. 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2018க்குப் பிந்தைய மணமுறிவுகளுக்கு அதை மறுபடியும் தலைகீழாக்கியது. அதனால் மறுமணம் செய்த தம்பதியின் கணக்கை எழுதுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளுள் ஒன்று, இருவருடைய பழைய மணமுறிவுத் தீர்ப்புகளிலும் உள்ள தேதி.

பிள்ளைகள் விஷயம் அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. ஒருவரைச் சார்ந்து வாழும் பிள்ளைக்காக வருமானத்தில் ஒரு தொகையை விலக்கும் வழக்கம் 1917இல் பிள்ளைக்கு 200 டாலராகத் தொடங்கி, 1948இல் 600 டாலரை எட்டியது. துணைவரின் முந்தைய மணத்துப் பிள்ளையும் சட்டத்தின் பார்வையில் சொந்தப் பிள்ளைக்குச் சமம். மணத்தால் ஏற்பட்ட அந்த உறவு பின்னர் மணமுறிவாலோ மரணத்தாலோ அறுந்துபோவதும் இல்லை. ஆனால் பிள்ளையின் பராமரிப்பில் பாதிக்கு மேல் யார் கொடுத்தாரோ அவரே விலக்குக்கு உரியவர் என்ற பழைய விதி, பிரிந்த பெற்றோரிடையே ஓயாத கணக்குச் சண்டையைக் கிளப்பியது: ஒருபுறம் அனுப்பிய காசோலைகளும், மறுபுறம் செருப்புக்கும் பல் மருத்துவருக்கும் கொடுத்த ரசீதுகளும், வீட்டு வாடகையில் பிள்ளையின் அறைக்கு எவ்வளவு என்ற வாதமும் அதிகாரிகள் முன் குவிந்தன. 1967ஆம் ஆண்டுத் திருத்தம், பிள்ளையை வைத்து வளர்ப்பவருக்கே பொதுவாக விலக்கு என்று சொல்லிவிட்டு, மற்றவர் ஒப்பந்தப்படி 600 டாலரோ, ஒப்பந்தம் இல்லாமல் 1,200 டாலரோ கொடுத்திருந்தால் என்று விதிவிலக்குகளையும் சேர்த்ததால் சண்டை முற்றாக ஓயவில்லை. 1984இல்தான், வளர்ப்பவர் தாமே எழுதிக் கையொப்பமிட்டு விட்டுக்கொடுத்தாலொழிய விலக்கு அவருக்கே என்ற தெளிவான விதி வந்தது. விட்டுக்கொடுக்கும் அந்தத் தாளே 8332ஆம் எண் படிவம்.

மறுமணத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட ஒரு வாக்கியமும் அந்தச் சட்டத்தில் இருந்தது. பெற்றோரில் ஒருவர் மறுமணம் செய்துகொண்டால், அவருடைய புதிய துணைவர் பிள்ளைக்குச் செலவிடுவது அந்தப் பெற்றோரே செலவிட்டதாகக் கொள்ளப்படும் என்பது அதன் பொருள். தாயின் இரண்டாம் கணவன் பள்ளிக் கட்டணமும் சோறும் துணியும் தந்து வளர்த்தாலும், சட்டத்தின் ஏட்டில் அது தாயின் கொடையாகவே பதியும்; அவனுக்கெனத் தனி உரிமை எழாது, ஆனால் கூட்டுக் கணக்கில் தாயின் பெயர் வழியாகப் பயன் அவனையும் சேரும். அதே வேளையில் முதல் கணவனுக்கு 8332ஐக் கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தால், வீட்டில் வளரும் பிள்ளை வரிப் படிவத்தில் மட்டும் வேறு வீட்டுக்குப் போய்விடும். இரு வீட்டாரும் ஒரே பிள்ளையைத் தத்தம் கணக்கில் எழுதிய வழக்குகள் எவ்வளவு மலிந்திருந்தன என்பதை யாரும் அறியவில்லை. 5 வயது நிரம்பிய சார்ந்து வாழும் ஒவ்வொருவருக்கும் சமூகப் பாதுகாப்பு எண்ணை எழுத வேண்டும் என்ற விதி 1987ஆம் ஆண்டுக் கணக்குகளில் நடைமுறைக்கு வந்தபோது, சுமார் 70 இலட்சம் பேர் படிவங்களிலிருந்து காணாமற் போயினர். அவர்களில் பிறக்காத பிள்ளைகளும் வளர்ப்பு நாய்களும் இருந்ததாக வேடிக்கையாகச் சொல்வதுண்டு என்றாலும், இரு வீடுகளில் இரண்டு முறை எண்ணப்பட்ட உண்மையான பிள்ளைகளும் இருந்தனர்.

கூட்டுக் கையொப்பத்துக்கு ஒரு விலையும் உண்டு. வரி முழுவதற்கும் இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று 1938ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்ததால், கணவன் மறைத்த வருமானத்துக்கான வரியை, அவனைப் பிரிந்து வேறொருவரை மணந்த பிறகும், முன்னாள் மனைவியிடம் முழுமையாக வசூலிக்கலாம். இதன் கொடுமையைத் தணிக்க 1971இல் அறியாத் துணைவர் நிவாரணம் என்ற ஒன்று வந்து, 1998இல் விரிவுபெற்றது. மறைத்ததை அறியாமல் கையொப்பமிட்டவரை அது விடுவிக்கிறது. இதனோடு பெயரளவில் குழப்பிக்கொள்ளப்படும், ஆனால் முற்றிலும் வேறான இன்னொரு நிவாரணமே மறுமணத் தம்பதிக்கு நெருக்கமானது. பிள்ளைப் பராமரிப்புத் தொகையில் பாக்கி வைத்தவருக்குத் திருப்பித் தரவேண்டிய வரிப்பணத்தை அரசே பிடித்துக்கொள்ளலாம் என்று 1981இல் சட்டமானது. மறுமணம் செய்த ஒருவருக்கு அவ்வாறு 4,000 டாலர் பாக்கி இருக்க, அவ்வாண்டு வேலைக்குப் போனவர் இரண்டாம் மனைவி மட்டுமே என்றும், அவர் சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த 3,000 டாலர் கூட்டுக் கணக்கில் திரும்பி வரவேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், அவருடைய உழைப்பின் பணம் அப்படியே கணவனின் மூத்த தாரத்துப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். பிள்ளைகளுக்குத்தானே போகிறது என்று ஆறுதல் கொள்வது எளிது. ஆனால் கடன் அவருடையதல்ல. ஆகவே பாதிக்கப்பட்ட துணைவர் என்ற பெயரில் 8379ஆம் எண் படிவம் வகுக்கப்பட்டது. அதைக் கூட்டுக் கணக்கோடு சேர்த்து அனுப்புபவர் கணக்கின் முதல் பக்கத்து இடது மேல் மூலையில் அந்தப் பெயரை எழுத வேண்டும்; உள்ளே மூன்று பத்திகளில், கூட்டுக் கணக்கில் உள்ள ஒவ்வொரு தொகையையும், அதில் தம் பங்கையும், மற்றவர் பங்கையும் பிரித்துக் காட்ட வேண்டும். சம்பளத்தைப் பிரிப்பது எளிது. பிள்ளைகளைப் பிரிக்கும்போது பின்னம் கூடாது, 3 பிள்ளைகளை ஆளுக்கு ஒன்றரை என்று எழுதலாகாது என்று அறிவுறுத்தல் எச்சரித்து வந்தது. ஒன்றாகத் தாக்கல் செய்வதற்கென்றே பிறந்த கணக்கை, மறுமணம் மறுபடியும் இரண்டாகப் பிளக்கும் இடம் இதுதான். பொதுச்சொத்து மாநிலங்களில் அந்தப் பிளவும் மாநிலச் சட்டப்படியே நடக்கும் என்பதால், 1930இல் சீபோர்ன் எழுப்பிய கேள்வி அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

மணத்துக்கான பரிசு என்ற நிலையும் நீடிக்கவில்லை. தனியாட்கள் மிகையாக வரி கட்டுவதாக எழுந்த முறையீட்டை ஏற்று, அதே வருமானமுள்ள தம்பதியைவிட அவர்களுடைய வரி 20 விழுக்காட்டுக்கு மேல் கூடாதபடி 1969ஆம் ஆண்டுச் சட்டம் புதிய விகிதங்களை அமைத்தது. அதன் விளைவாக, ஏறத்தாழச் சமமாகச் சம்பாதிக்கும் இருவர் மணந்துகொண்டால் மணமின்றி இருந்ததைவிடக் கூடுதலாகக் கட்ட நேர்ந்தது. மேரிலாந்தைச் சேர்ந்த, இருவருமே அரசு ஊழியர்களான ஒரு தம்பதி இதற்குக் கண்டுபிடித்த வழி புகழ்பெற்றது: 1975ஆம் ஆண்டு இறுதியில் ஹெய்ட்டிக்கும், அடுத்த ஆண்டு இறுதியில் டொமினிக்கன் குடியரசுக்கும் போய் மணமுறிவு பெற்று, புத்தாண்டு பிறந்ததும் ஊரில் மறுபடியும் ஒருவரையொருவர் மணந்துகொண்டனர். டிசம்பர் 31 விதியை எழுத்துக்கு எழுத்து நம்பிய இந்த மறுமணங்களை வரி நீதிமன்றம் 1980இல் ஏற்கவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் அவை வெறும் போலி நாடகமா என்று ஆராயுமாறு வழக்கைத் திருப்பியனுப்பியது.

முதிய வயதில் மறுமணம் செய்ய நினைத்தோருக்கு வேறொரு தடை இருந்தது. 55 வயதானவர் வீட்டை விற்றால் வரும் ஆதாயத்தில் வாழ்நாளில் ஒரு முறை ஒரு பெருந்தொகைக்கு வரியில்லை என்று 1978இல் தந்த சலுகை, 1981 முதல் 125,000 டாலராக இருந்தது. முந்தைய மணத்தில் ஒருவர் அதைப் பயன்படுத்தியிருந்தால், அவரை மணக்கும் புதிய துணைவர் அதுவரை தொடாத தம் சலுகையையும் இழந்தார். வரி ஆலோசகர்கள் அத்தகைய வரனைக் கறைபட்ட துணைவர் என்றே அழைத்து, வீட்டை விற்ற பிறகு திருமணத்தை வைத்துக்கொள்ளுமாறு சொல்லி வந்தனர். 1997ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சலுகையையே எடுத்துவிட்டு, ஆளுக்கு 250,000 டாலர் என்ற வேறொரு முறையை வைத்தபோது அந்தச் சொல்லும் வழக்கொழிந்தது.

மறைவுக்குப் பிந்தைய மறுமணத்துக்கான விதி மட்டும் பெரிய மாற்றமின்றி நீடிக்கிறது. கணவன் இறந்த ஆண்டில் மனைவி அவனுடைய கடைசிக் கணக்கைத் தன்னுடையதோடு சேர்த்துக் கூட்டுக் கணக்காகவே தாக்கல் செய்யலாம். சார்ந்து வாழும் பிள்ளை வீட்டில் இருந்தால் அடுத்த 2 ஆண்டுகளுக்கும் கூட்டுக் கணக்கின் விகிதத்தை 1954ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. அவள் அதே ஆண்டு முடிவதற்குள் வேறொருவரை மணந்தால், டிசம்பர் 31 அன்று அவளுக்குக் கணவன் புதியவனே. கூட்டுக் கணக்கு அவனோடு. இறந்தவனுக்காகத் தாக்கலாகும் கடைசிப் படிவத்தில், மணமானவர், தனிக் கணக்கு என்ற கட்டத்தில் குறியிட வேண்டும்.